எருக்கஞ்செடியின் முன்னே

எங்கள் ஊர் ஏரியின் மதகைத் தாண்டி நூறு அடி நடந்தால், கரை சற்றே வளைகின்ற இடத்தில், இடுப்பளவு உயரத்தில் ஓர் எருக்கஞ்செடி நிற்கிறது. நாள்தோறும் விடியற்காலையில் மதகிலிருந்து கலங்கல்வரை நடந்து திரும்புவது பதினோரு ஆண்டுகளாக எனக்கு வழக்கமாதலால், போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையுமாக அந்தச் செடியை நான் ஆயிரக்கணக்கான தடவை கடந்திருக்க வேண்டும். ஆயினும் முதல் எட்டு ஆண்டுகளில் யாரேனும் அதைப் பற்றி என்னிடம் விசாரித்திருந்தால், அங்கே ஓர் எருக்கு இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் என்னால் சொல்லியிருக்க முடியாது. ஒன்பதாம் ஆண்டு ஆவணி மாதத்தில், என் மகள் தான் உபயோகித்து வந்த சிறு காமிரா ஒன்றை என்னிடம் கொடுத்து, நடக்கும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

முதல் நாள் அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, படம் பிடிக்கத் தகுந்த ஜீவராசி எதுவும் எங்கள் ஊரில் இல்லை என்ற எண்ணமே என் மனத்தில் இருந்தது. யானையும் புலியும் உலவும் காடுகள் மேற்கே வெகுதூரத்தில் இருக்கின்றன. செங்கற்பட்டுச் சீமையின் வறண்ட ஏரிக்கரையில் என்ன அகப்படப் போகிறது என்று நினைத்தேன். வளைவில் நின்ற எருக்கின் இலை ஒன்றில், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாய் ஒரு கம்பளிப்புழுப் போன்ற, ஆனால் மயிரில்லாத புழு ஊர்ந்துகொண்டிருந்தது. வேறொன்றும் கிடைக்காமையால் அதை எடுத்தேன். வீட்டுக்கு வந்து அப்படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், நான் எடுத்த படத்தில் நான் காணாதவை எத்தனை இருந்தன என்பது எனக்குப் புலப்பட்டது. புழுவின் முதுகில் மூன்று இணைக் கரிய கொம்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. அது தின்றுகொண்டிருந்த இலையின் நடு நரம்பில் கத்தியால் கீறினாற்போல் ஒரு வடு இருந்தது. காற்றில் புரண்டிருந்த அடுத்த இலையின் அடிப்புறத்தில், குண்டூசித் தலையினும் சிறிய வெண்ணிற முட்டை ஒன்று ஒட்டியிருந்தது. இளந்தண்டின் நுனியில் மஞ்சள் நிறத் துகள்கள் அப்பியிருக்க, அவற்றைச் சுற்றி எறும்புகள் நின்றன. படத்தின் மூலையில், மங்கலாக, ஒரு வெட்டுக்கிளியின் முகம் தெரிந்தது.

கண்ணின் ஸ்வபாவம் இத்தகையது. தனக்கு முன்பே அறிமுகமானவற்றை விரைந்து எடுத்துக்கொண்டு, பெயர் தெரியாதவற்றையெல்லாம் பின்னணியோடு சேர்த்துத் தள்ளிவிட்டு, முழுவதையும் பார்த்துவிட்டதாக மனத்துக்கு அது செய்தி சொல்லி அனுப்புகிறது. காமிராவின் கண்ணாடிக்கு அறிந்தது அறியாதது என்ற பேதம் கிடையாது. தன்முன் விழுந்த ஒளியை விழுந்தபடியே அது பதிவு செய்து, நாம் அறிவில் வளரும்வரை காத்திருக்கிறது. ஆகவே நடைவழியில் எடுக்கும் படத்தின் முதன்மையான பிரயோஜனம் அழகு அன்று, திரும்பிப் பார்த்தலே என்பது என் துணிபு. இன்று எடுத்த படத்தை இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், அது அப்படியே இருக்க, நாம் மாறியிருப்போம். அப்போது அதில் புதிதாக ஒன்று தென்படும்.

இயற்கை நூலுக்கும் படக்கலைக்கும் உள்ள உறவே இத்தகைய எளிய வழியில்தான் தொடங்கிற்று. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892ஆம் ஆண்டு ஒரு பறவைக் கூட்டையும் அதிலிருந்த முட்டைகளையும் படம் பிடித்தார்கள். அதைத் தொடர்ந்த மூன்றாண்டு உழைப்பின் பயனாக, 1895இல் முழுவதும் புகைப்படங்களையே சித்திரங்களாகக் கொண்ட பறவைக்கூடு நூல் ஒன்றை வெளியிட்டார்கள். கண்ணாடித் தகடும் முக்காலியும் சுமந்து நடந்த காலம் அது. பறவைகள் அஞ்சாதிருக்கும்பொருட்டு, உள்ளே மனிதன் ஒளிந்துகொள்ளத் தக்க பொய் மாடு ஒன்றைத் தோலால் செய்து வயல்வெளியில் நிறுத்தினார்கள் என்றால், அவர்களுடைய ஆர்வத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இத்துறையின் மகாபுருஷர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வராக 1912இல் பிறந்த அவர், 1950 முதல் 1996இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். காட்டு யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் புகழ் பெற்றவை. எனினும் என் உள்ளத்தை அதிகமாகக் கவர்ந்தது, வீட்டுக் கூரையில் ஓடும் அணிலையும் முற்றத்துக் காக்கையையும், யானையை எழுதிய அதே சிரத்தையோடு அவர் எழுதினார் என்பதுதான்.

இனி எருக்குக்கு வருவோம். பிள்ளையாருக்கு மாலையாகவும், ரதசப்தமியன்று ஸ்நானத்துக்கு இலையாகவும் நம் இல்லங்களில் புகுந்த இச்செடியை, மடலேறுகின்ற தலைவனின் சென்னியில் பழந்தமிழ்ப் புலவர்கள் சூட்டினார்கள். ஆடு மாடுகள் இதைத் தீண்டுவதில்லை. இலையைக் கிள்ளினால் பெருகும் பாலில், இருதயத்தின் துடிப்பையே தடுமாறச் செய்யும் நச்சுப் பொருள்கள் உள்ளன. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் விளையும் என்பதைக் கிராமத்துக் குழந்தைகளும் அறிவார்கள். இப்படி யாரும் அணுகாத ஒரு செடியில் உயிர்கள் குறைவாக இருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அதற்கு நேர்மாறாக, கரையில் நிற்கும் வேறெந்தச் செடியைக் காட்டிலும் இதன்மேல் குடியிருப்போர் மிகுதி. விஷத்தைச் சகிக்கக் கற்றுக்கொண்ட சிலருக்கு, போட்டியில்லாத உணவுச்சாலை அது.

நான் முதலில் படம் பிடித்த புழு, வெந்தய வரியன் என்று இக்காலத்தில் வழங்கும் பட்டாம்பூச்சியினுடையது. விஞ்ஞானிகள் டானாஸ் கிரிசிப்பஸ் என்பார்கள். முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதல் ஆகாரமாக முட்டையோட்டையே தின்றுவிட்டு, பிறகு எருக்கிலையைத் தவிர வேறொன்றையும் பெரும்பாலும் நாடாமல் இரண்டு வாரத்துக்குள் விரலளவு வளர்ந்துவிடுகிறது. நடு நரம்பில் கண்ட வடுவின் காரணத்தை நான் அறிய ஒரு மாதம் பிடித்தது. தினமும் ஒரே இடத்தில் நின்று செடி முழுவதையும் ஒரு படமும், இலைகளைத் தனித்தனியே சில படங்களும் எடுப்பதை நியமமாகக் கொண்டிருந்தேன். அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கையில், சில இலைகள் மட்டும் நுனி தொங்கி வாடியிருப்பதும், வாடிய இலைகளிலேயே புழுக்கள் இருப்பதும் தெரிந்தது. நீர் போதாமல் வாடியதாக அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில், தின்னத் தொடங்குமுன் புழுவானது நரம்பையோ காம்பையோ கடித்துக் கீறிவிடுகிறது. கீறிய வாயில் பால் வழிந்து போகவே, அதற்கப்பாலுள்ள இலைப்பகுதியில் பாலின் வேகம் தணிந்துவிடுகிறது. பசையாக உறைந்து வாயை ஒட்டிவிடக்கூடிய பாலிலிருந்து பிழைக்க, விரற்கடை நீளமுள்ள ஒரு புழு கையாளுகின்ற இந்த உபாயத்தை நான் நேரில் கண்ட காலை, நடையை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாலைக் குறைத்தாலும் நஞ்சை அது முற்றும் தவிர்ப்பதில்லை. உடலில் சேரும் நஞ்சின் ஒரு பகுதி, கூட்டுப்புழுப் பருவத்தையும் கடந்து, இறகு முளைத்த பட்டாம்பூச்சியினிடமும் எஞ்சுகிறது. ஒரு முறை கடித்துப் பார்த்து வாந்தியெடுத்த பறவை, அந்தச் செம்மஞ்சள் நிறத்தை மீண்டும் அணுகாது. அதனால்தான் வெந்தய வரியன் அவ்வளவு நிதானமாக, எவருக்கும் அஞ்சாததுபோல், தாழப் பறக்கிறது. புதிதாகக் காமிரா பிடிப்பவர்களுக்கு அது நல்ல ஆசிரியன்; பத்துப் படத்தில் ஏழு தெளிவாக விழும்.

ஆனால் என் சேகரத்திலிருந்த வெந்தய வரியன்களில் ஒன்று வெந்தய வரியன் அல்ல என்பதை, எடுத்து ஓராண்டுக்குப் பின்னரே கண்டுகொண்டேன். அசல் பட்டாம்பூச்சியின் பின்னிறகு நடுவில், பெண்ணுக்கு மூன்றும் ஆணுக்கு நான்கும் கரும்புள்ளிகள் உண்டு. ஐப்பசியில் எடுத்த அப்படத்தில் இறகின் நடு வெறுமையாக இருக்க, மேல் விளிம்போரம் ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. அது ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்னும் வேறொரு குலத்துப் பெண். அதன் புழு வளர்வது பருப்புக்கீரையில். நாம் கடைந்து உண்ணும் அக்கீரையில் நஞ்சு ஏது? தன்னிடம் நஞ்சில்லாத அந்தப் பெண், நஞ்சுள்ளவளின் ஆடையை அணிந்து பறவைகளிடமிருந்து தப்புகிறாள். அவளுடைய ஆணோ கரிய இறகில் நீலம் சூழ்ந்த பெரிய வெண்புள்ளிகளோடு முற்றிலும் வேறாக இருக்கிறான். 1848 முதல் 1859 வரை பதினோரு ஆண்டுகள் அமேசான் காடுகளில் அலைந்த ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்பவர், இவ்வித வேஷத்தின் தத்துவத்தை 1862இல் வெளியிட்டார். அதற்கு உதாரணம் எங்கள் மதகுக்கு அருகிலேயே பறந்துகொண்டிருந்தது. நான் கண்ணால் கண்டும் காணாதிருந்தேன், காமிரா காத்து வைத்திருந்தது.

செடியின் மற்றக் குடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஞ்சள் துகள்கள் எனக் கண்டவை அசுவினிகள். ஆணின் துணையின்றியே பெண்கள் பெண்களை ஈன்று பெருகும் இனம் அது. அவை சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் நிற்க, காவலையும் மீறிப் பொறிவண்டுகள் அவற்றைத் தின்ன வரும். மூலையில் மங்கித் தெரிந்த வெட்டுக்கிளி, வளர்ந்தபின் நீலமும் மஞ்சளுமாய் வர்ணம் தீட்டிய பொம்மைபோல் ஆகிவிடுகிறது. அதன் குஞ்சைப் பிடித்தால் நச்சு நீரைப் பீச்சியடிக்கும்.

பூவைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். எருக்கம்பூவின் நடுவில் கிரீடம்போல் ஐந்து முகம் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. மகரந்தம் இதில் பொடியாக உதிர்வதில்லை. இரண்டிரண்டு சிறு பொதிகளாக, ஒரு நுண்ணிய கவ்வியினால் இணைக்கப்பட்டு, கிரீடத்தின் பிளவுகளுக்குள் மறைந்திருக்கிறது. தேன் குடிக்க வரும் பெரிய கருவண்டு, அதாவது மரத்தைத் துளைத்துக் கூடு செய்யும் தச்சுத் தேனீ, பூவின்மேல் காலூன்றும்போது கால் அப்பிளவில் வழுக்கி இறங்க, அதை இழுத்தெடுக்கையில் கவ்வி பிடித்துக்கொண்டு பொதிகள் இரண்டும் காலோடு வந்துவிடுகின்றன. அடுத்த பூவில் கால் வழுக்கும்போது அவை உரிய இடத்தில் செருகிக்கொள்கின்றன. கவ்வியை இழுத்து விடுவிக்கும் வலிமை சிற்றுயிர்களுக்கு இல்லாமையால், இக்காரியத்துக்குக் கருவண்டு போன்ற பலசாலியே வேண்டும். வண்டின் காலில் மஞ்சளாய் ஏதோ தொங்குவதைப் பல படங்களில் கண்டு, சேறு ஒட்டியிருப்பதாக எண்ணியிருந்த எனக்கு, இந்த உண்மையைப் படித்தறிந்த அன்று உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் அடக்க இயலாது. ஆர்க்கிட்களிலும் எருக்கின் குடும்பத்துச் செடிகளிலும் கருவுறுதல் நிகழும் விதத்தை ஆராய்ந்து 1831இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் வாசித்த கட்டுரையில்தான், உயிரணுவின் உட்கருவுக்கு முதன்முதலில் பெயர் சூட்டப்பட்டது.

காமிராவை எப்படிப் பிடிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சொற்பமே. விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. இலைமேல் அமரும் சிற்றுயிர்களுக்குக் கைபேசியே போதும், ஏனெனில் அதன் ஒளியுணர்வுத் தகடு மிகச் சிறிதாகையால் முன்னும் பின்னும் உள்ள பாகங்கள் கூடியவரை தெளிவாக விழும். பெரிய காமிராவில் நெருங்கி எடுக்கும்போது, தெளிவு நிற்கும் இடம் சில மில்லிமீட்டர் ஆழமே. ஆகையால் பிராணியின் கண் அந்த ஆழத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குள், பூச்சிகள் உடல் சூடேறாமல் மந்தமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பாருங்கள். நகர்வதைக் காட்டிலும் நிழலுக்கே அவை அதிகம் அஞ்சுவதை நான் நூற்றுக்கணக்கான முறை கண்டிருக்கிறேன்.

பறவைகளை இவ்வளவு எளிதில் நெருங்க முடியாது. ஏரியோரத்துச் சேற்றில் அசையாது நிற்கும் மடையான், மண்ணோடு மண்ணாகத் தோன்றி, நாம் இரண்டடி கூடுதலாக வைத்தவுடன் வெள்ளை இறகை விரித்துப் பறக்கும்போதுதான் இருந்ததே தெரியும். கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவி பின்னும் கூட்டைத் தூரத்திலிருந்தே எடுக்கலாம். ஆண் குருவி பாதி பின்னி வைத்த கூட்டைப் பெண் வந்து சோதித்துப் பிடித்திருந்தால்தான் மீதி பின்னப்படும் என்பதைப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1930ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டறிந்தார். ஆனால் தரையில் முட்டையிடும் பறவைகளின் விஷயத்தில் எனக்குப் பாடம் கற்பித்தவர், கரையில் ஆடு மேய்க்கும் ஓர் அம்மாள்.

அவர் என்னை முதலில் நிறுத்திப் பேசியது எருக்கின் எதிரில்தான். “தெனமும் இந்த எருக்கஞ்செடியவே படம் புடிக்கிறீங்களே ஐயா, இத ஆடுகூட மோந்து பாக்காதே” என்றார். காமிராத் திரையில் புழுவின் முகத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுக்கும் மூஞ்சி இருக்குது பாருங்க” என்றார். சித்திரை மாதத்தில் ஒரு நாள், நீர் வற்றிய ஏரிக்குள் இறங்கி, கத்திக்கொண்டே சுற்றிப் பறந்த ஆட்காட்டி ஒன்றைப் படம் பிடிக்கும் ஆவலில் நான் முன்னேறியபோது, கரைமேலிருந்து அவர் கூவினார்: “அப்படியே நில்லுங்க ஐயா! காலுக்கு முன்னால முட்டை வெச்சிருக்குது.” குனிந்து பார்த்தேன். மண்ணின் நிறத்திலேயே கரும்புள்ளி இட்ட நான்கு முட்டைகள், கூடென்று ஒன்றும் இல்லாமல், கூழாங்கற்களுக்கிடையே கிடந்தன. இன்னும் ஓரடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன். படம் எடுக்கக் கை எழுந்தது. அவர் தலையை அசைத்தார். “காக்கா பாத்துக்கினு இருக்குது. நீங்க நின்ன எடத்த அது குறிச்சு வெச்சுக்கும்.”

அவர் சொன்னது சாஸ்திரத்துக்கும் ஒத்த உண்மை. மனிதன் நின்று பார்த்த இடத்தைக் காக்கை பின்னர் வந்து சோதிப்பது உண்டு. அத்துடன், கோடை வெயிலில் முட்டைகளைக் காக்க வயிற்றிறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து அமர்கின்ற அந்தத் தாயை நாம் அரை மணி நேரம் விரட்டி வைத்தால், முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோகும். பழைய காலத்துப் படக்கலைஞர் சிலர் கூட்டை மறைக்கும் கிளைகளை வெட்டி வெளிச்சம் விழச் செய்ததுண்டு. அக்காரியம் இன்று யாராலும் செய்யப்படலாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அன்றுமுதல் கூடுகளைப் படம் பிடிப்பதை விட்டுவிட்டேன். சிறிது தொலைவில் பறக்கும் பறவையே எனக்குப் போதும்.

படங்களுக்குத் தேதியிடுவதை மட்டும் நான் ஒருநாளும் விடுவதில்லை. கருவி தானே நாளும் நேரமும் குறித்துக்கொள்கிறது என்றாலும், ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழ் மாதமும் தேதியும், செடியின் பெயரும், இலையின் மேற்புறமா அடிப்புறமா என்பதும் எழுதி வருகிறேன். மூன்றாண்டுக் குறிப்புகளைப் புரட்டியதில், ஆண் வெந்தய வரியன்கள் சில வாரங்களில் எருக்கை விட்டு மறைந்து, கரையின் மறுபுறத்தில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடிகளிலும் தேள்கொடுக்கிலும் மொய்ப்பது தெரிந்தது. அச்செடிகளின் வாடிய பாகங்களில் ஊறும் ஒருவகைக் காரப்பொருளை அவை உறிஞ்சி, பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கப் பயன்படுத்துகின்றன. பிறப்பதற்கு ஒரு செடியும் மணப்பதற்கு வேறொரு செடியும் அவசியமென்றால், ஒரு பட்டாம்பூச்சியைக் காப்பாற்ற எத்தனை களைகளைக் காப்பாற்ற வேண்டும்! தைப்பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் நானும் கலந்துகொண்டு என் பட்டியலை அனுப்புகிறேன். என் ஏரிக்கரையின் குறிப்பும் எங்கோ ஒரு கணக்கில் சேர்கிறது என்பது எனக்கு நிறைவளிக்கிறது.

சென்ற ஆண்டு ஆடியில், கரையைச் செப்பனிட வந்தவர்கள் பொக்லைன் இயந்திரத்தால் புதர்களையெல்லாம் வழித்தெடுத்தார்கள். நான் காலையில் போனபோது வளைவில் எருக்கு இல்லை. தரையோடு அறுபட்ட அடித்தண்டிலிருந்து பால் வடிந்து உறைந்திருந்தது. அதன் இலைகளில் அன்று ஐந்து புழுக்களும், தண்டில் தொங்கிய பச்சைநிறக் கூட்டுப்புழு ஒன்றும் இருந்தன என்று முந்தின நாள் குறிப்பு சொல்லிற்று. கரையைப் பலப்படுத்த வேண்டியது அவசியம்தான். வளைவில் நின்ற ஒரு செடியைச் சுற்றிப் போக அவர்களுக்குக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சில மாதம் காமிராவை வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்தேன்.

ஐப்பசி மழை பெய்து ஏரியில் முழங்கால் நீர் நின்ற சமயம், ஆடுகளோடு எதிரே வந்த அம்மாள், “ஐயா, உங்க செடி தழைஞ்சு வந்திருக்குது, போயிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வேரில் உயிர் இருந்திருக்கிறது. சாண் உயரத்தில், வெண்பூச்சுப் படிந்த எட்டு இலைகளோடு இரண்டு துளிர்கள் நின்றன. மறுநாள் காமிராவோடு சென்று, ஈர மண்ணில் முழந்தாளிட்டு, ஒவ்வோர் இலையாக அடிப்புறம் நோக்கினேன். நோட்டுப் புத்தகத்தில் அன்றைய குறிப்பு இவ்வாறு இருக்கிறது: கார்த்திகை 3, காலை 6.50. எருக்கு, தெற்குத் துளிர், மூன்றாம் இலை, அடிப்புறம். முட்டை 1.